கடல் நடுவே ஒரு நத்தார்

(மட்டக்குளியில் நடந்த ஒளிவிழாவில், கொழும்பில் தொழில் பார்க்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பார்க்க மலைநாட்டிலிருந்து வந்த குடும்பங்களுக்கும் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை.)



ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கமிருந்து விடியற்காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். மட்டக்குளி நமக்கு அந்நிய ஊர் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் மலைகளில் பிறக்கும் மஸ்கெலியா ஓயாவும் கெசல்கமுவ ஓயாவும் மவுசாகலையிலும் காசல்ரீயிலும் தேங்கி நின்று, பிறகு கித்துல்கலைப் பக்கம் ஒன்றாகச் சேர்ந்து களனி கங்கை ஆகின்றன. அந்தக் கங்கை 145 கிலோமீற்றர் ஓடி, இதோ இந்த மட்டக்குளி, முகத்துவாரம் பக்கத்திலேதான் கடலில் விழுகிறது. நம் லயத்துப் பீலியில் வழிந்த தண்ணீர்கூட இங்கே வந்துதான் கடலைப் பார்க்கிறது.

நம் கைபட்ட தேயிலைக்கும் இதே வழிதான். கொழும்பிலே 1883ஆம் ஆண்டு தொடங்கி ஏல விற்பனை நடக்கிறது. ஏலத்தில் போன தேயிலை துறைமுகத்துக்கு வருகிறது, கப்பல் ஏறுகிறது. அதற்குப் பிறகு? அங்கேயும் நம்மைப் போலத் தொழிலாளிகள் இருக்கிறார்கள். இன்றைக்கு நாம் கேக் வெட்டி, பாட்டுப் பாடிக் கொண்டாடுகிற நேரத்தில் அவர்கள் நடுக்கடலில் டியூட்டி பார்க்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் கொஞ்ச நேரம் பேசப் போகிறோம். அவர்களைப் பற்றிப் பேசினால், வீட்டை விட்டு வெளியூரில் உழைக்கும் நம் பிள்ளைகளைப் பற்றியும் பேசியதாகும்.

முதலில் 'நத்தார்' என்ற சொல்லைப் பாருங்கள். அதுவே கப்பலில் வந்த சொல். போர்த்துக்கேய மொழியில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு 'நத்தால்' என்று பெயர். 1497ஆம் ஆண்டு வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் இந்தியாவுக்கு வழி தேடி வந்தபோது, ஆபிரிக்காவின் தென்கிழக்குக் கரையோரம் அவர்களுக்கு நத்தார் வந்தது. அந்தக் கரைக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். தென்னாபிரிக்காவில் நேட்டால் என்பது அதுதான். 1860 நவம்பர் 16ஆம் திகதி, சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பலில் போன நம் இனத்துத் தொழிலாளிகள் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய இறங்கியதும் அதே கரையில்தான். நம் பாட்டன் பூட்டன்மாரும் கடல் தாண்டி வந்துதான் இந்த மலைகளில் கோப்பியும் தேயிலையும் நட்டார்கள். ஆகவே கடலும் பிரிவும் நமக்குப் புதிதல்ல.

சரி, கப்பலிலே நத்தார் எப்படி? கப்பலுக்கு லீவு கிடையாது. நம் தோட்டத்து ஸ்டோரையே எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்திய நாள் பறித்த கொழுந்தை வாடப் போட்டிருந்தால், பண்டிகை என்று அதை அப்படியே விட்டுவிட முடியுமா? அரைத்துத்தான் ஆக வேண்டும். கப்பலும் அப்படித்தான். என்ஜினைப் பார்க்க ஆள் வேண்டும். மேலே நின்று கடலைப் பார்க்க ஆள் வேண்டும். வழக்கமாக நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு முறை ஆள் மாறுவார்கள். நடுச்சாமப் பூசை நேரத்தில் ஒருவன் என்ஜின் சூட்டில் நிற்பான். இன்னொருவன் இருட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

கடற்படைக் கப்பலில் இன்னும் கஷ்டம். 'எங்கே இருக்கிறாய் மகனே' என்று தாய் கேட்டால் சொல்லக்கூடாது. கப்பல் நிற்கும் இடம் இரகசியம். சில நாட்களில் வீட்டோடு பேசுவதையே நிறுத்திவிடுவார்கள். நத்தார் அன்றைக்கே அப்படி ஒரு கட்டளை வந்தாலும் கீழ்ப்படியத்தான் வேண்டும்.

ஆனால் பிரித்தானியக் கடற்படையில் நத்தார் நாளுக்கென்று ஒரு நல்ல பழக்கம் உண்டு. இந்தக் கதை நம் தோட்டத்து மக்களுக்கு நன்றாகவே பிடிக்கும். அன்றைக்கு அதிகாரிகள் ஏப்ரன் கட்டிக்கொண்டு சாதாரண மாலுமிகளுக்குச் சாப்பாடு பரிமாறுவார்கள். கப்பலிலேயே வயதில் சின்னப் பையன் எவனோ, அவனைக் கப்டனாக்கி, கப்டனுடைய உடுப்பையும் போட்டு விடுவார்கள். அன்றைக்கு அவன் வைத்ததுதான் சட்டம். துரை இலை போட்டுப் பரிமாற, கடைசிக் காம்பராப் பையன் துரை நாற்காலியில் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்! மறுநாள் எல்லாம் பழையபடிதான். என்றாலும் வருடம் முழுவதும் கட்டளை வாங்குகிறவனுக்கு, 'உன்னையும் நாங்கள் மனிதனாகப் பார்க்கிறோம்' என்று அந்த ஒரு வேளைச் சோறு சொல்லிவிடுகிறது.

சரக்குக் கப்பல்களில் பல நாட்டு ஆட்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் நிறையப் பேர் பிலிப்பைன்ஸ்காரர், பெரும்பாலும் கத்தோலிக்கர். அவர்கள் நாட்டில் டிசம்பர் 16ஆம் திகதி தொடங்கி ஒன்பது நாள் விடியுமுன் பூசை. நம் தோட்டங்களிலும் ஏறக்குறைய அதே நாளில்தான் மார்கழி பிறந்து, இருட்டோடு பஜனை புறப்படுகிறது. அங்கே குளிரில் நடுங்கிக்கொண்டு கோயிலுக்குப் போன பையன், கப்பலிலே கிடைத்த கம்பியையும் கடதாசியையும் வைத்து 'பரோல்' என்ற நட்சத்திர விளக்கைச் செய்து சாப்பாட்டு அறையில் தொங்க விடுகிறான். வீட்டை விட்டு எவ்வளவு தூரம் போனாலும் மனிதன் ஒரு விளக்கையாவது கூடவே கொண்டு போகிறான்.

சில நத்தார்கள் கஷ்டமானவை. 2023ஆம் ஆண்டைச் சொல்கிறோம். செங்கடலிலே யேமன் நாட்டு ஹூதிகள் சரக்குக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியிருந்தார்கள். அவற்றைக் காக்கப் போன பிரித்தானியாவின் 'டயமண்ட்' என்ற போர்க்கப்பலின் மாலுமிகளும், அமெரிக்கக் கடற்படையினரும் அந்த நத்தாரை அந்தக் கடலிலேயே கழித்தார்கள். நத்தாருக்கு மறுநாள், டிசம்பர் 26ஆம் திகதி, பத்து மணித்தியாலத்துக்குள் 12 ட்ரோன்களையும் ஐந்து ஏவுகணைகளையும் அமெரிக்கப் படையினர் சுட்டு வீழ்த்தியதாக அறிவித்தார்கள். முதல் நாள் விருந்து, மறுநாள் ஆகாயத்திலிருந்து நெருப்பு.

'அது யாருடைய சண்டையோ, நமக்கென்ன' என்று கேட்கலாம். துருக்கிக்கும் ரஷ்யாவுக்கும் லிபியாவுக்கும் நம் தேயிலை போகிற வழியே அதுதான். அந்த வழி ஆபத்தானபோது கப்பல்கள் ஆபிரிக்காவையே சுற்றிப் போயின. பயணம் பத்து நாளுக்கும் மேல் நீண்டது, கூலியும் ஏறியது. கப்பல் கூலி ஏறினால் தேயிலை விலைக்கு அடி. தேயிலை விலைக்கு அடி என்றால் அது எங்கே வந்து விழும் என்று உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

அந்தச் செங்கடலிலே 'கலக்ஸி லீடர்' என்ற கப்பலை 2023 நவம்பர் 19ஆம் திகதி பிடித்தார்கள். அதிலிருந்த 25 பேரும் 2025 ஜனவரி 22ஆம் திகதிதான் விடுதலையானார்கள். இரண்டு நத்தார் சிறையிருந்தார்கள். அதற்கு முன்னே, 2010 நவம்பரில், சோமாலியக் கடற்கொள்ளையர் 'அல்பீடோ' என்ற கப்பலைப் பிடித்தபோது அதில் நம் இலங்கை மாலுமிகளும் இருந்தார்கள். கப்பல் 2013 ஜூலையில் மூழ்கியே போனது. உயிரோடு மிஞ்சிய கடைசி ஆட்கள் 2014 ஜூனில்தான் வெளியே வந்தார்கள். எல்லோரும் திரும்பி வரவில்லை. நான்கு நத்தார்! அந்த வீடுகளில் ஒவ்வொரு டிசம்பரும் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கொரோனா வந்த 2020ஆம் ஆண்டு நத்தாருக்கு, ஒப்பந்தம் முடிந்தும் கப்பலை விட்டு இறங்க முடியாமல் உலகம் முழுவதும் சுமார் 400,000 மாலுமிகள் தவித்தார்கள். துறைமுகங்கள் அவர்களை இறங்க விடவில்லை. நமக்குச் சாமான் வேண்டும், சாமான் கொண்டு வந்தவன் மட்டும் வேண்டாம்! 'கொழுந்து வேண்டும், கொழுந்து எடுக்கிறவள் கண்ணில் படக்கூடாது' என்பது போல அல்லவா இருக்கிறது?

இன்னொன்றையும் மறக்க முடியாது. கடலுக்குப் போனவனுக்குத்தான் ஆபத்து, வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று நினைக்கிறோம். 2004ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள் சுனாமி வந்தது. ஆழ்கடலில் நின்ற படகுகளுக்கு அலை வந்ததே தெரியவில்லை. திரும்பி வந்த மீனவருக்குத்தான் வீடும் இல்லை, வாசலும் இல்லை. நம் நாட்டில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் போனார்கள். ஆகவே, தூரத்தில் இருப்பவன் நம்மை நினைத்துப் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இங்கே உட்கார்ந்திருக்கிற தம்பிமாரில் சிலர் கடையில் நிற்கிறீர்கள். சிலர் துறைமுகப் பக்கம் வேலை. நத்தாருக்கு முதல் நாள் கடை இரவு வெகுநேரம் திறந்திருக்கும். தீபாவளிக்கும் அப்படித்தான். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, கடைத் திண்ணையிலேயே பண்டிகையைக் கழித்தவர்கள் இங்கே உண்டு. நம் தங்கைமார் எத்தனை பேர் வளைகுடா நாடுகளில் வேறொருவர் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டு இருக்கிறார்கள்! கப்பலுக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகளும் இருக்கிறீர்கள்.

தோட்டத்தில் ஒரு தாய் நம்மிடம் சொன்னார்: "என்னங்க ஐயா, பண்டிகை அன்னிக்குப் போன் எடுத்தா ஒரு வார்த்த பேசிட்டு வச்சிர்றான். அம்மா மேல பாசமே இல்லீங்களா?" பாசம் இல்லாமல் இல்லையம்மா. பின்னாலே பட்டாசுச் சத்தமும் தம்பி தங்கச்சி சிரிப்பும் கேட்கும்போது அவனுக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அழுகிற சத்தம் உங்களுக்குக் கேட்கக்கூடாது என்று வைத்துவிடுகிறான்.

ஆகவே வீட்டில் இருப்பவர்களுக்கு மூன்று விஷயம் சொல்கிறோம்.

முதலாவது, பண்டிகைக்கு முந்தியே பேசுங்கள். கடலில் இருப்பவனுக்கு நேரமும் மாறும், தொடர்பும் அறுந்து அறுந்து வரும். அன்றைக்குக் கிடைக்கவில்லை என்றால் சண்டை பிடிக்காதீர்கள். இப்போது கையடக்கத் தொலைபேசியில் குரலைப் பதிந்து அனுப்பலாம். பாட்டியின் குரல், லயத்துப் பிள்ளைகளின் பாட்டு, கோயில் மணி, எதுவானாலும் சரி. அவன் டியூட்டி முடிந்து தனியாகப் படுத்திருக்கும்போது பத்துத் தடவை கேட்பான்.

இரண்டாவது, அவனுடைய உழைப்பை ஒரே நாளில் கரைக்காதீர்கள். 'மகன் வெளியில இருக்கான், அனுப்பிடுவான்' என்று சொல்லி, முற்பணமும் போதாமல் வட்டிக்கு வாங்கி, நகையையும் அடகு வைத்துப் பண்டிகை கொண்டாடுகிறோம். அந்தக் கடனை அடைக்க அவன் இன்னும் ஒரு வருடம் அங்கே இருக்க வேண்டி வருகிறது. அடுத்த நத்தாருக்கும் அவன் வராமல் போவதற்கு நாமே காரணமாகிறோம். சாராயத்துக்குப் போகிற பங்கை நிறுத்தினாலே பாதிக் கடன் நிற்கும். இதைத் தாய்மார் கைதட்டி ஒத்துக்கொள்வீர்கள். ஐயாமாரும் கொஞ்சம் யோசியுங்கள்.

மூன்றாவது, பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்பும்போது கண்ணைத் திறந்துகொண்டு அனுப்புங்கள். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் என்று ஒன்று இருக்கிறது. நம் நாடு 2017ஆம் ஆண்டு அதை ஏற்றுக்கொண்டது. அதன்படி வேலை எடுத்துத் தருவதற்காக மாலுமியிடம் முகவர் காசு வாங்கக்கூடாது. கடவுச்சீட்டு, மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் புத்தகம் ஆகியவற்றின் செலவு மட்டுமே அவனுடையது. ஒரு நாளைக்குக் குறைந்தது பத்து மணித்தியாலம் ஓய்வு கொடுக்க வேண்டும். 12 மாதம் ஆவதற்கு முன்பே ஊருக்கு அனுப்பிவைக்க வேண்டும், அந்தச் செலவு கப்பல் முதலாளியுடையது. வீட்டோடு பேசுவதற்குக் கப்பலில் தொடர்பு வசதி இருக்க வேண்டும் என்ற திருத்தம் 2024 டிசம்பர் 23ஆம் திகதி, நத்தாருக்கு இரண்டு நாள் முன்னே, நடைமுறைக்கு வந்தது. 'அஞ்சு லட்சம் கொடு, நாளைக்கே கப்பல்ல ஏத்திவிடறேன்' என்று எவனாவது லயத்துப் பக்கம் வந்தால், காசைக் கொடுக்காமல் முதலில் நம்மிடம் வாருங்கள். அந்த முகவருக்கு அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தில் விசாரித்துப் பார்க்கலாம்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தம்பி, உன் அறையில் நாலு பேர் இருந்தால் அந்த நாலு பேரும் சேர்ந்து சமையுங்கள். முஸ்லிம் நண்பன் இருந்தால் அவனையும் கூப்பிடு, சிங்கள நண்பனையும் கூப்பிடு. கப்பலில் அப்படித்தான் செய்கிறார்கள். தனியாக ஒரு மூலையில் போத்தலோடு உட்கார்ந்து விடாதே. அம்மாவிடம் அழுகை வந்தாலும் பரவாயில்லை, பேசு. அழுதால் குறைந்து போக மாட்டாய்.

அன்பானவர்களே, முதல் நத்தாரை நினைத்துப் பாருங்கள். அரசாங்கம் ஆள் கணக்கெடுக்கிறது என்று நிறைமாதப் பெண்ணோடு ஊர் விட்டு ஊர் போன ஒரு குடும்பம். தங்க இடமில்லை, சொந்தக்காரர் பக்கத்தில் இல்லை. இராத்திரியில் ஆட்டுக்குக் காவல் இருந்த தொழிலாளிகள்தான் முதலில் வந்து பார்த்தார்கள். ஆகவே வீட்டை விட்டு வெளியில் இருப்பவனுக்கும், இராத்திரி டியூட்டி பார்ப்பவனுக்கும் நத்தார் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அது முதலில் அவர்களுக்கே உரியது.

இந்த வருடம் உங்கள் வீட்டில் விளக்கேற்றும்போது, வராத பிள்ளையின் பேரைச் சொல்லி ஏற்றுங்கள். அவன் பங்குப் பலகாரத்தை எடுத்து, பக்கத்துக் காம்பராவில் யாருமில்லாமல் இருக்கும் கிழவிக்குக் கொடுங்கள். அதைக் குரலில் பதிந்து அவனுக்கும் சொல்லுங்கள்: "மகனே, ஒன் பங்க இன்னாருக்குக் குடுத்தோம்." அன்றைக்கு அவன் நிம்மதியாகத் தூங்குவான்.

உங்கள் அனைவருக்கும் நத்தார், புதுவருட வாழ்த்துக்கள்.