நின்று பழகிய கார்



எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உறங்கிக் கிடந்த ஒரு மோட்டார் காரைப் பற்றி இன்று சில வார்த்தைகள் பேச விழைகிறேன். இத்தாலியில் கருவுற்று, பம்பாயில் பிறந்து, இராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்ட கார் அது. பெயர் ஃபியட் 1100.

என் தந்தையார் மருத்துவர். 1960-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட அந்தக் காரை 1966-இல் அவர் இரண்டாங்கையாக வாங்கினார். புதிய கார் வேண்டுமென்று பதிவு செய்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. முன்கதவுகள் இரண்டும் இக்காலத்துக் கார்களுக்கு நேர்மாறாக, முன்பக்கத்திலிருந்து பின்னோக்கித் திறக்கும். வேட்டியோடு ஏறி இறங்க அதைப்போல் வசதியான கதவு வேறில்லை என்பார் தந்தையார். வாரத்தில் இரு நாட்கள் நோயாளிகளைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் செல்வார். இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர். இடப்புறம் மேற்கு மலை கூடவே வரும். பள்ளி விடுமுறை நாட்களில் நானும் உடன் செல்வேன். திரும்பும்போது பால்கோவா கிடைக்கும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இந்தக் காரின் குலம் சற்றுப் பெரிது. தாந்தே ஜியாகோசா என்னும் பொறியறிஞரின் தலைமையில் உருவாகி, 1953-இல் ஜெனிவா கண்காட்சியில் உலகுக்கு அறிமுகமாயிற்று. அதன் எஞ்சினோ அதற்கும் மூத்தது. 68 மில்லிமீட்டர் விட்டமும் 75 மில்லிமீட்டர் ஓட்டமும் உள்ள நான்கு சிலிண்டர்கள், மொத்தம் 1,089 கன சென்டிமீட்டர் என்னும் இந்தக் கணக்கு 1937-இலேயே ஃபியட்டில் தொடங்கிவிட்டது. போர் முடிந்தபின் சிசிதாலியா என்ற சிறு நிறுவனம் இதே எஞ்சினை வைத்து ஒரு காரைச் செய்தது. பினின்ஃபரினா வடித்த அதன் உடல் அழகுக்காக, நியூயார்க் நவீனக் கலைக்கூடமே அந்தக் காரைச் சிற்பம்போல் தன் சேகரத்தில் வைத்திருக்கிறது. ஃபியட்டும் சும்மா இருக்கவில்லை. ‘துரிஸ்மோ வெலோச்சே’, அதாவது விரைவுப் பயணம், என்ற பெயரில் 1100-க்கு ஏறத்தாழ 50 குதிரைத்திறன் தந்து ஒரு வேக வடிவத்தை விற்றது. நம் நாட்டில் பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் செய்த கார்கள், பத்மினி என்ற பெயர்பெற்ற பின்னும், 2000-ஆம் ஆண்டு வரையில் பெரும்பாலும் இந்த எஞ்சினையே சுமந்தன. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில், கடைந்து கூர்தீட்டிய எஞ்சின்களோடு இந்தக் கார்கள் சீறிப் பாய்ந்ததுண்டு. டாக்டர் வீட்டுக் காருக்குள் ஒரு பந்தயக் குதிரையின் இரத்தம் ஓடியது என்று சொன்னால் மிகையாகாது.

1984-இல் ஒரு நாள் தந்தையார் காரைக் கொட்டகையில் விட்டுப் பூட்டினார். “கண் மங்கிவிட்டது” என்றார். அதன்பின் அவர் ஓட்டவேயில்லை.

பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 2022-இல் அந்தக் கதவைத் திறந்தேன். பார்த்தவுடன் நெஞ்சு கனத்தது. ஆயினும் நான் அஞ்சிய அளவுக்குத் துரு இல்லை. இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடற்கூடே சட்டமாக நின்று பாரம் தாங்குகிறது. ஆகவே கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுப்பெட்டிகள் அரித்துவிட்டால் முதுகெலும்பு போனது போல. கடற்கரை ஊராயிருந்தால் என்றோ போயிருக்கும். எங்கள் ஊரின் வறண்ட காற்று காப்பாற்றிற்று. தண்ணீர்ப் பஞ்சத்துக்கும் இப்படி ஒரு பயன் உண்டு போலும்!

இராஜபாளையத்தில் ஒரு பழைய பட்டறை. அதன் உரிமையாளர் எழுபது வயதைக் கடந்தவர். இளம் பிராயத்தில் தந்தையாரின் காரைப் பழுது பார்த்தவர். அவரை அண்ணாச்சி என்றே அழைப்பேன். அவருக்கு நான் இன்றும் தம்பிதான். அவரிடம் ஒரே நிபந்தனை விதித்தேன்: “அண்ணாச்சி, அப்பா விட்டுப்போனது எப்படியோ அப்படியே இருக்க வேண்டும். ஓர் ஆணியையும் மாற்றக்கூடாது.”

கோயமுத்தூரிலிருந்து வந்த என் சகோதரி மகனுக்கோ வேறு ஆசை. இரட்டைக் கார்புரேட்டர் வைக்க வேண்டும், ஸ்டியரிங் தண்டில் உள்ள கியரைத் தரைக்குக் கொண்டுவர வேண்டும், சோழவரத்துக் காரைப்போல் ஆக்கவேண்டும் என்றான். அண்ணாச்சி இரண்டு பேருடைய பேச்சையும் கேட்டுவிட்டு, “முதலில் நிற்கப் பழகட்டும், பிறகு ஓடலாம்” என்றார். அதை நான் வேடிக்கைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன்.

பின்னிருக்கையைக் கழற்றியபோது அதன் அடியில் ஒரு மரக்கட்டை அகப்பட்டது. ஒரு முனை சரிந்து, ஆப்புப்போல் செதுக்கிய புளியமரக் கட்டை; பிடித்துத் தூக்க ஒரு தோல்வாரும் இருந்தது. தந்தையாரின் கைப்பொருள் என்று துடைத்து எடுத்துவைத்தேன். அண்ணாச்சி அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

டிங்கர் வேலையும் பெயிண்டும் முடியப் பதினான்கு மாதங்களாயின. எரிபொருள் குழாய்களை மட்டும் என் நிபந்தனையை மீறி மாற்றினார். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பரைத் தின்றுவிடும் என்றார்; ஒப்புக்கொண்டேன். பிரேக்குக்குப் பழைய முறைப்படியே புதிய ரப்பர் கப்புகள் போட்டு, பழைய மாஸ்டர் சிலிண்டரையே தேய்த்துப் பொருத்தினார். அது என் பிடிவாதம்.

முதல் வெள்ளோட்டம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. அண்ணாச்சி அருகில் அமர்ந்திருந்தார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு எனக்கு எட்டு வயதாகிவிட்டது. மடவார் வளாகத்தை நெருங்கும்போது, பள்ளிப் பிள்ளைகள் இருவர் ஒரே சைக்கிளில் சாலையின் குறுக்கே வந்தார்கள். பிரேக்கை மிதித்தேன். மிதி பஞ்சில் இறங்குவதுபோல் தரை வரை இறங்கிற்று. அண்ணாச்சி கைப்பிரேக்கை இழுக்க, நான் கியரைக் கீழே தள்ள, கார் உறுமிக்கொண்டு மண்ணில் இறங்கி நின்றது. பிள்ளைகள் திரும்பிப் பார்க்காமலே போய்விட்டார்கள். எத்தனை சாண் இடைவெளி இருந்தது என்பதை இன்றுவரை நான் கணக்கிட்டுப் பார்த்ததில்லை.

சாலையோரத்தில் அமர்ந்து அண்ணாச்சி சொன்னார்: “தம்பி, டாக்டர் ஐயாவுக்குக் கண் மங்கவில்லை. எண்பத்து நாலில் இதே சாலையில், இரவில், இதே மாதிரி மிதி இறங்கிவிட்டது. முன்னால் மாட்டுவண்டி. ஐயா புளியமரத்தின்மேல் திருப்பினார். கூட இருந்த கம்பவுண்டருக்குக் கை முறிந்தது. வீட்டில் சொல்லவேண்டாம் என்று என்னிடம் வாக்கு வாங்கினார். இந்தப் பிரேக்கை அவர் நம்பியதே இல்லை. எங்கே நிறுத்தினாலும் இறங்கியவுடன் சக்கரத்துக்கு அந்தக் கட்டையை வைத்துவிட்டுத்தான் நோயாளியைப் பார்க்கப் போவார்.”

அப்பா விட்டுப்போனபடியே காப்பாற்றுகிறேன் என்று நான் எதைக் காப்பாற்றினேன்? அவர் பதினெட்டு ஆண்டுகள் அஞ்சிய ஒன்றை!

அவ்வாண்டு ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரைப் பார்க்கச் சென்றேன். மரச்சக்கரங்கள் இருந்த நாளில் அத்தேர் கிளம்பி நிலைக்கு வந்து சேர எத்தனை நாளாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது இரும்புச் சக்கரங்கள். அவற்றுக்கு ஹைட்ராலிக் பிரேக். முட்டுக்கட்டை போடுவோர் இன்றும் சக்கரத்தோடு ஒட்டியே நடக்கிறார்கள். மேலே உள்ள மரச்சிற்பங்கள் பழையபடியே இருக்கின்றன. அதைப் பார்த்து, இது ஆண்டாளின் தேர் அன்று என்று சொல்பவரை நான் காணவில்லை.

ஊர் திரும்பியதும் அண்ணாச்சியிடம் சென்றேன். பழைய ஏற்பாட்டில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஒரு சக்கரத்தில் ரப்பர் கிழிந்தாலும் நான்கும் போயிற்று. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் சூட்டில் அது ஆவியாகும், மிதித்தால் அந்த ஆவிதான் நசுங்கும். டிரம்மோ சூடேறினால் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். ஆகவே இரட்டைச் சுற்றுள்ள மாஸ்டர் சிலிண்டரும் முன்சக்கரங்களுக்கு டிஸ்க்கும் வைப்பதென்று முடிவாயிற்று. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: 1966-இல் வெளியான 1100 ஆர் என்ற காருக்கு ஃபியட்டே முன்புறம் டிஸ்க் வைத்துவிட்டது. பிறந்த வீட்டார் மாற்றிக்கொண்டதை, வாழ்க்கைப்பட்ட வீட்டில் நான் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் தடுத்திருக்கிறேன்!

50 ஆண்டு கடந்த கார்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய 2021-இல் வந்த மத்திய விதி, சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றை மாற்றலாகாது என்கிறது. பிரேக்கை அந்த வரிசையில் சேர்க்கவில்லை. விதி எழுதியவர்களில் பழைய கார் ஓட்டியவர் ஒருவராவது இருந்திருப்பார் என்று எண்ணுகிறேன். மருமகனின் இரட்டைக் கார்புரேட்டர் அந்த விதியைக் காட்டியே தள்ளிவைக்கப்பட்டது. பையனுக்குச் சற்று மனத்தாங்கல்தான்.

கம்பவுண்டர் இன்று இல்லை. அவருடைய மகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதை அறிந்து, சென்ற தை மாதம் அந்தக் காரிலேயே போய்ப் பார்த்தேன். தந்தையின் கை முறிந்த கதை அவருக்குத் தெரிந்தே இருந்தது. “டாக்டர் ஐயா மாதம் தவறாமல் வந்து பார்ப்பார், பஸ்ஸில் வருவார்” என்றார். பிறகு வாசலுக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்; ஏறுகிறீர்களா என்று கேட்டேன். சற்றுத் தயங்கி ஏறினார். மடவார் வளாகம் வரை சென்று திரும்பினோம். வீட்டு வாசலில் நிறுத்தியதும், பழக்கம் விடவில்லை, நான் இறங்கிப் பின்சக்கரத்துக்கு அந்தப் புளியங்கட்டையை வைத்தேன்.