டிசம்பர் முதல் நாளும் நாமக்கல் நெடுஞ்சாலையும்



பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஏலாதியும் சிறுபஞ்சமூலமும் சமணச் சான்றோர் அருளியவை. ஒன்றன் பெயர் ஏலம் முதலான ஆறு சரக்குகள் சேர்ந்த மருந்தைக் குறிப்பது. மற்றதன் பெயர் ஐந்து சிறு வேர்கள் கூடிய மருந்தைக் குறிப்பது. அறநூலுக்கு மருந்தின் பெயரை இட்ட மரபு அது. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களுள் மருந்துக்குத் தனியிடம் தந்ததும் அம்மரபே. ஆதலால் திருவிழா மேடையில் நோயைப் பற்றிப் பேசுவது பொருந்தாப் பேச்சாகாது.

உலக சுகாதார நிறுவனம் 1948ஆம் ஆண்டு தோன்றிய ஏப்ரல் 7ஆம் நாள் உலக சுகாதார நாளாகப் போற்றப்பெறுகிறது. மார்ச் 24 உலகக் காசநோய் நாள். இராபர்ட் காக் அந்நோயின் கிருமியை 1882இல் உலகுக்கு அறிவித்த நாள் அது. நவம்பர் 18 முதல் 24 வரை, கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் பயனற்றுப் போவதைப் பற்றிய விழிப்புணர்வு வாரம். கோழிப்பண்ணைகள் நிறைந்த நாமக்கல் மாவட்டத்தில் அது தனிச் சொற்பொழிவுக்குரிய பொருள். டிசம்பர் 1, 1988 முதல் உலக எய்ட்ஸ் நாள். நாட்காட்டியில் இத்தகைய நாள்கள் பெருகிவிட்டன. பல, பேரணியோடும் பதாகையோடும் உறுதிமொழியோடும் முடிந்தும் விடுகின்றன. ஆயினும் டிசம்பர் 1ஐ நாமக்கல் அவ்வாறு எளிதாகக் கடந்து செல்ல இயலாது.

காரணம் லாரித் தொழில். சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1997இல் தனி மாவட்டமாகச் செயற்படத் தொடங்கிய நாமக்கல், அதற்குப் பல்லாண்டுகள் முன்பே லாரிகளின் ஊர் எனப் பெயர் பெற்றிருந்தது. லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள், சமையல் எரிவாயு கொண்டு செல்லும் டேங்கர்கள், திருச்செங்கோட்டிலிருந்து வடநாடு முழுவதும் ஆழ்துளைக் கிணறு தோண்டச் செல்லும் ரிக் வண்டிகள் என மாவட்டத்தின் சோறு பெரும்பாலும் சக்கரத்தின்மேல் விளைந்தது. ஓட்டுநரும் கிளீனரும் வாரக்கணக்கில், ரிக் வண்டித் தொழிலாளர் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருப்பர். இரவு விழிப்பு, தனிமை, கையில் காசு, சாலையோரத்து அழைப்பு. ஒழுக்கக் குறைவு என்று ஒரு சொல்லில் தீர்ப்பெழுதிவிடுவது எளிது. இருபது வயது இளைஞனை இருபத்தைந்து நாள் தொடர்ந்து வண்டியோட்ட வைக்கும் வாழ்க்கை முறையையும் அத்தீர்ப்பில் சேர்த்தெழுத வேண்டும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி நிர்மலா குருதி மாதிரிகளைச் சேகரித்து வேலூருக்கு எடுத்துச் சென்றார். அவற்றுள் ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. இந்நோய் இம்மண்ணில் நுழையாது என்று பலர் நம்பியிருந்த காலம் அது. 1994இல் தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கப்பெற்றது. மற்ற மாநிலங்களுக்கு அதுவே முன்மாதிரி. கருவுற்ற தாய்மாரிடம் செய்யும் ஆய்வில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் தொற்று காணப்படும் மாவட்டத்தை அரசு மிகுபரவல் மாவட்டம் என வகுத்தபோது, நாமக்கல்லும் அவ்வரிசையில் நின்றது. கருவுற்ற தாய்மார் என்பதை நினைவிற் கொள்க. நெடுஞ்சாலையில் பற்றிய தீ சமையலறைக்குள் வந்துவிட்டது என்பதே அக்கணக்கின் பொருள்.

அத்தாய்மாருள் பலர் வாய் திறக்கவில்லை. திறந்தவர் ஒருவரை இங்கே கூறுவது தகும். நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி இளம்வயதில் உறவினர் ஒருவருக்கு மணமுடிக்கப்பட்டார். திருமணத்தின் வழியே தொற்றும் அவரை வந்தடைந்தது. தம் நிலையை வெளிப்படையாகச் சொன்ன முதற்சில இந்தியப் பெண்களுள் அவரும் ஒருவர். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென ஓர் அமைப்பினை 1998இல் சென்னையில் தோழியரோடு சேர்ந்து நிறுவினார். அன்று மருந்து விலை எட்டாத உயரத்தில் இருந்தது. ஏச்சுச்சொல்லோ கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அந்நிலையில் ஒரு பெண் மேடையேறிப் பேசியதற்கு எத்தனை துணிவு வேண்டும் என்பதைப் பெண் மக்களைப் பெற்றவர் அறிவர்.

2004 ஏப்ரல் முதல் நாள் நடுவண் அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாக வழங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் எட்டு அரசு மருத்துவமனைகள். அவற்றுள் தாம்பரமும் ஒன்று. பின்னர் அச்சிகிச்சை மாவட்டங்களுக்கும் பரவியது. 2017 முதல், தொற்று உறுதியான அன்றே உடல்நிலை எவ்வாறிருப்பினும் மருந்து தொடங்கலாம் என்ற நிலை வந்தது. ஒழுங்காக மருந்துண்டு, குருதியில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து இல்வாழ்க்கைத் துணைக்குத் தொற்று பரவாது. மருந்தில்லாத தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து வரை. தக்க சிகிச்சை பெற்றால் அது ஐந்துக்கும் கீழ். இவ்வளவு பெரிய மாற்றம் நிகழ்ந்தும் பலர் மனத்தில் 1990களின் எய்ட்ஸ் படம்தான் இன்னும் மாட்டப்பட்டிருக்கிறது.

சமணக் குடும்பங்களுக்கு இதிலென்ன என்று எவரேனும் வினவலாம். தமிழ்ச் சமணர் சிறு சமுதாயம். ஒரு குடும்பத்தில் இருமினால் மற்றொரு குடும்பத்தில் செவி திரும்பும். பெண் கொடுத்தலும் எடுத்தலும் அறிந்த வட்டத்துக்குள்ளேயே நிகழும். அந்நெருக்கமே வலிமை, நோய் வரும்போது அதுவே அச்சமும் ஆகிறது. காசநோய் என்றால் மகளின் சம்பந்தம் தடைப்படுமோ என்று மறைப்பவர் உண்டு, எச்.ஐ.வி. என்றால் கேட்கவே வேண்டா. சாதகம் பத்துப் பொருத்தமும் பார்க்கப்படுகிறது. ஒரு குருதிச் சோதனையைக் கேட்க மட்டும் பெரியோர் நாணுகின்றனர். மணமகன் வீட்டாரும் மணமகள் வீட்டாரும் ஒருங்கே செய்துகொண்டால் அதில் எவர்க்கும் இழுக்கில்லை. எறும்புக்கும் இரங்கும் அறத்தினர், நோயுற்ற மருமகளைத் தனித்தட்டில் உண்ண வைப்பாராயின் அதனைக் கொல்லாமை என்று சொல்ல நா எழுமா? சேர்ந்துண்பதாலோ தொடுவதாலோ கொசுக்கடியாலோ இத்தொற்று பரவாது.

சட்டமும் துணை நிற்கிறது. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், தொற்றைக் காரணம் காட்டிப் பள்ளியிலோ பணியிலோ மருத்துவமனையிலோ வாடகை வீட்டிலோ ஒருவரை ஒதுக்குவதைத் தடை செய்கிறது. உடன்பாடின்றிச் சோதிப்பதும், ஒருவர் நிலையைப் பிறர்க்கு வெளியிடுவதும் கூடா. தாம் அறிந்த ஒருவர் நோயைப் பேச்சுவாக்கில் சொல்லிவிடும் பழக்கம் உடையோர், மன்னிக்க, இவ்வவையிலும் இருக்கக்கூடும்.

2030க்குள் எய்ட்ஸ் பெருநோய் அச்சத்தை முடிவுக்குக் கொண்டுவருவது உலக நாடுகள் ஏற்ற இலக்கு. நாமக்கல்லில் அதன் பங்கு வீட்டுத் திண்ணையில் தொடங்கலாம். அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையத்தில் சோதனையும் ஆலோசனையும் இலவசம். விவரம் கமுக்கமாகக் காக்கப்படும். நேரில் செல்லத் தயங்குவோர் 1097 என்னும் கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். வரும் டிசம்பர் முதல் நாளுக்கு அறக்கட்டளை மண்டபத்தில் பதாகை கட்டுவதைக் காட்டிலும், ஒரு மருத்துவரை வரவழைத்து, பெண்கள் தனியே அமர்ந்து கேட்க ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். வினாக்களைப் பெயரின்றித் தாளில் எழுதி ஒரு பெட்டியில் இடச் சொன்னால் பெட்டி நிறையும்.