இரு சில்லுகள்: பணிநிலையக் கணினியும் மடிக்கணினியும்



கணினி வாங்கப் புகுவோரிடையே ஒரு வழக்கம் நிலவுகின்றது. விளம்பரத் தாளில் அச்சிட்டிருக்கும் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பெரிய எண்ணை உடையதே சிறந்த பொறியென்று முடிவுகட்டி விடுகின்றனர். மகளின் படிப்புக்கெனச் சேமித்த பணத்தையெல்லாம் கொட்டி, அவளுக்கு வேண்டாத ஆற்றலை வாங்கிக் கொடுக்கும் தந்தையரும் உளர். இரவுபகலாக இயங்கவேண்டிய வேலையை மெல்லிய மடிக்கணினியின் மேலேற்றிவிட்டு, அது தளர்வதைக் கண்டு நோகும் அலுவலகத்தாரும் உளர். இரு சாராரும் இழப்பது பணத்தை மட்டுமன்று, காலத்தையுந்தான். ஆதலால், பணிநிலையக் கணினியின் செயலிக்கும் மடிக்கணினியின் சில்லுக்கும் உள்ள வேறுபாடு யாது என்பதை இன்று சற்று ஆராய்வோம்.

பொதுப்படப் பேசுவதிலும் குறித்த இரண்டை எடுத்துக்கொள்வது நலம். இரண்டும் 2020 ஆம் ஆண்டில் வெளிவந்தவை. ஒன்று, ஏ.எம்.டி. நிறுவனத்தின் திரெட்ரிப்பர் புரோ 3995டபிள்யூஎக்ஸ் என்னும் பணிநிலையச் செயலி. மற்றது, அப்பிள் நிறுவனத்தின் எம்1 என்னும் சில்லு. இது மக்புக் எயர் என்னும் மெல்லிய மடிக்கணினியில் அமைந்தது. முன்னையதில் 64 கணிப்புக் கருக்கள், பின்னையதில் 8. அந்த எட்டினுள்ளும் நான்கே முழுவேகத்துக்கு உரியவை. ஏனைய நான்கும் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுவதற்கென அமைந்தவை. முன்னையதன் துடிப்பு உச்சநிலையில் 4.2 கிகாஹேட்ஸ், பின்னையதன் துடிப்பு 3.2 கிகாஹேட்ஸ். 2021 இல் அந்தச் செயலி மட்டும் தனியே 5,489 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. மடிக்கணினியோ திரை, விசைப்பலகை, மின்கலம் யாவும் சேர்த்து 999 டொலரிலிருந்து கிடைத்தது.

இவ்வெண்களை மாத்திரம் பார்ப்பவர், முன்னையது எட்டு மடங்கு வேகமுடையது என்றே எண்ணுவர். ஆயினும், ஒரே கருவைக் கொண்டு செய்யும் வேலையை அளந்த சோதனைகள் பலவற்றில் எம்1 சில்லே முந்தியது. இது எவ்வாறு ஆயிற்று?

துடிப்பு என்பது ஒருவன் எடுத்துவைக்கும் அடிகளின் எண்ணிக்கை போன்றது. ஓர் அடியில் எவ்வளவு தூரம் கடக்கின்றான் என்பதை அவ்வெண் கூறுவதில்லை. எம்1 சில்லின் பெரிய கரு ஒவ்வொன்றும், ஒரு துடிப்பில் எட்டு ஆணைகளைப் பிரித்தறிந்து வேலைக்கு அனுப்ப வல்லது. மற்றச் செயலியின் கருவிலே ஆணைகளைப் பிரித்தறியும் பகுதி ஒரு துடிப்பில் நான்கை ஏற்பது. இருவகை ஆணைகளும் ஒரே அளவினவல்ல; ஆதலால் இதனை நேரே இரு மடங்கு என்று கொள்ளலாகாது. ஆயினும், குறைந்த துடிப்புடைய பொறி கூடிய வேலையைச் செய்வது எங்ஙனம் என்பது இதனால் விளங்கும்.

அங்ஙனமாயின் 64 கருக்கள் எதற்கு? நம் ஊர்களில் வேலியடைப்பதற்குக் கிடுகு பின்னுவதைக் கண்டிருப்பீர்கள். ஒருவர் தனித்து எட்டு நாளிற் பின்னுவதை எட்டுப்பேர் ஒரே நாளிற் பின்னிவிடலாம். ஒருவர் பின்னும் கிடுகு மற்றவர் பின்னும் கிடுகுக்காகக் காத்திருப்பதில்லை. கிணறு வெட்டுவது வேறு. ஒடுங்கிய குழியினுள்ளே ஒருவரோ இருவரோதான் நிற்கலாம். அறுபத்து நால்வரை அழைத்தாலும் எஞ்சியோர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதே. கணினியின் வேலைகளும் இவ்விரு வகையின. இயங்குபடம் ஒன்றின் பல்லாயிரம் சட்டகங்களை வரைந்து நிறந்தீட்டுவது கிடுகு பின்னுவது போன்றது. ஒரு கணக்கின் விடை வந்த பின்னரே அடுத்த கணக்கைத் தொடங்கக்கூடிய வேலை கிணறு வெட்டுவது போன்றது. கடிதம் எழுதுவதற்கும் செய்தி படிப்பதற்கும் அறுபத்து நான்கு கருக்களிலே பெரும்பாலானவை கைகட்டி நிற்கும்.

இவ்வுண்மையை 1967 ஆம் ஆண்டில் ஜீன் அம்டால் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் தெளிவுற எடுத்துக்காட்டினார். அவர் பெயராலேயே அது அம்டாலின் விதி என்று வழங்குகின்றது. ஒரு கணக்கைப் பார்ப்போம். எல்லாக் கருக்களும் சம ஆற்றல் உடையன என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேலையை ஒரே கரு முடிப்பதற்கு 100 மணி ஆகின்றது. அதில் 95 மணிக்குரியதைப் பங்கிடலாம், 5 மணிக்குரியதைப் பங்கிடவியலாது. எட்டுக் கருக்கள் அதனை ஏறக்குறைய 17 மணியில் முடிக்கும். அறுபத்து நான்கு கருக்கள் ஏறக்குறைய ஆறரை மணியில் முடிக்கும். கருக்கள் எட்டு மடங்காயின. வேகமோ மூன்று மடங்குக்கும் குறைவாகவே கூடிற்று. இனி, அவ்வேலையிற் பாதியைத்தான் பங்கிடலாம் என்று கொள்வோம். எட்டுக் கருக்களுக்கு 56 மணி. அறுபத்து நான்குக்கு 51 மணி. இந்த ஐந்து மணிக்காகவோ ஐயாயிரம் டொலர் கொடுப்பது?

இனி, மின்சாரத்தின் பக்கம் திரும்புவோம். சில்லு ஒன்று செலவிடும் வலு, அதன் துடிப்புக்கு நேர்விகிதமாகவும், அதற்கு ஊட்டும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகவும் கூடும். துடிப்பை உயர்த்தவேண்டின் பெரும்பாலும் அழுத்தத்தையும் உயர்த்த நேரும். இரண்டையும் 20 வீதம் உயர்த்தினால் வலு 73 வீதம் கூடிவிடும். மாறாக, இரண்டையும் 20 வீதம் தாழ்த்தினால் வலு ஏறக்குறையப் பாதியாகும். ஆகவே, விரைந்தோடும் ஒரு கருவுக்கு வேண்டிய மின்சாரத்தைக் கொண்டு, சற்று மெதுவான இரண்டு கருக்களை இயக்கலாம். பங்கிடக்கூடிய வேலையாயின் அவ்விரண்டும் சேர்ந்து 1.6 மடங்கு வேலையைச் செய்யும். துடிப்பை மேன்மேலும் உயர்த்திச் சென்ற இன்ரெல் நிறுவனம் 2004 ஆம் ஆண்டிலே, 4 கிகாஹேட்ஸ் பென்ரியம் 4 செயலியை வெளியிடும் எண்ணத்தைக் கைவிட்டுப் பல கருக்களின் பக்கம் திரும்பியமைக்கு இவ்வெப்பமே தலையாய காரணம்.

நாம் எடுத்துக்கொண்ட பணிநிலையச் செயலியின் வெப்ப அளவு 280 வாற்று. மக்புக் எயர் கணினிக்கு மின்னூட்டுவதற்கு உடன்கொடுத்த கருவியின் அளவோ 30 வாற்றுத்தான். அந்த மடிக்கணினியின் மின்கலம் 49.9 வாற்று-மணி கொள்வது. அதனைக்கொண்டு பணிநிலையச் செயலியை முழுவேகத்தில் இயக்கினால் பதினொரு நிமிடத்தினுள் மின்கலம் வெறுமையாகிவிடும். அதே மின்கலத்தால் அம்மடிக்கணினி வலைப்பக்கங்களைப் படிக்கும் வேலையில் 15 மணிவரை இயங்கும் என்று ஆக்கியோர் அறிவித்தனர். சராசரியாகக் கணக்கிட்டால், திரை உட்பட முழுக் கணினிக்கும் மூன்று வாற்றுச் சொச்சமே செலவாகின்றது.

செலவாகும் மின்சாரமெல்லாம் ஈற்றில் வெப்பமாகவே வெளிவரும். பணிநிலையத்திலே பெரிய உலோகச் செதில்களும் விசிறிகளும் அவ்வெப்பத்தை இடைவிடாது அகற்றுகின்றன. மக்புக் எயரில் விசிறியே இல்லை. சில நிமிடங்களில் முடியும் வேலையாயின் அது தன் முழுவேகத்தைக் காட்டும். வேலை நீளுமாயின், உடல் சூடேறத் தன் துடிப்பைத் தானே தாழ்த்திக்கொள்ளும். நூறு யார் ஓடுபவனும் நெடுந்தூரம் ஓடுபவனும் வேறானவர் அன்றோ? நண்பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டும் நம்போன்ற நாடுகளில், வெப்பத்தை வெளியேற்றுவது இன்னும் கடினமாகும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

மூன்றாவது வேறுபாடு நினைவகத்தைப் பற்றியது. பணிநிலையச் செயலி எட்டு வழிகளால் 2 ரெராபைற்று வரையிலான நினைவகத்தோடு தொடர்புகொள்ளும். எம்1 சில்லுக்கு 16 கிகாபைற்றே எல்லை. அதுவும் சில்லின் அருகிலேயே பதிக்கப்பட்டமையால், வாங்கிய பின் கூட்டவியலாது. கொள்ளளவில் 128 மடங்கு வேறுபாடு. பெரும் வரைபடங்களையும் அறிவியற் கணக்குகளையும் முழுமையாக நினைவகத்தில் ஏற்றவேண்டியவருக்கு இவ்வொன்றே போதிய காரணமாகும். ஆயினும் ஒன்று காண்க: நினைவகத்திலிருந்து ஒரு வினாடியிற் கொண்டுவரக்கூடிய தரவு முன்னையதில் ஏறக்குறைய 205 கிகாபைற்று, பின்னையதில் 68. அதனைக் கருக்களுக்குப் பங்கிட்டால், முன்னையதில் ஒரு கருவுக்கு மூன்று கிகாபைற்றுச் சொச்சம், பின்னையதில் எட்டரை. ஆட்கள் பலராயினும் தண்ணீர் மொள்ளும் துலா போதாதபோது வரிசையில் நிற்கவேண்டியதே.

நான்காவதாக, பிழை திருத்தும் ஆற்றலைக் கூறவேண்டும். நினைவகத்திலே சேமித்த ஓர் இலக்கம், வானிலிருந்து வரும் நுண்கதிர் முதலியவற்றால், அருமையாகத் தானே மாறிவிடுவதுண்டு. பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய றிச்சட் ஹமிங் என்பவர், வார இறுதியில் தம் கணக்குகளைப் பிழை கண்டதும் பொறி கைவிட்டுவிடுவதைக் கண்டு சலிப்புற்று, பிழையைக் கண்டுபிடிப்பதோடு திருத்தவும் வல்ல குறிமுறையை வகுத்து 1950 இல் வெளியிட்டார். அவ்வழி வந்த ஏற்பாடு பணிநிலையங்களின் நினைவகத்தில் உண்டு; மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றில் இல்லை. ஒரு நிழற்படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறினால் யாருக்கும் நட்டமில்லை. பாலம் ஒன்றின் தாங்குவலுவைப் பல நாள் கணிக்கும் பொறியில் ஓர் இலக்கம் மாறினால் அது சிறிய காரியமன்று.

காலப்போக்கில் இவ்விரு குலங்களும் ஒன்றையொன்று அணுகியும் வந்துள்ளன. 2022 இல் அப்பிள் நிறுவனத்தார் எம்1 குடும்பத்தின் பெரிய சில்லுகள் இரண்டை இணைத்து, 20 கருக்கள் கொண்ட எம்1 அல்ற்றாவை மேசைக் கணினிக்கென வெளியிட்டனர். 2023 இல் ஏ.எம்.டி. நிறுவனத்தார் 96 கருக்களும் 350 வாற்று வெப்ப அளவும் உடைய செயலியைக் கொணர்ந்தனர். பெயர்களும் எண்களும் ஆண்டுதோறும் மாறும். வேலையின் இயல்பும் வெப்பத்தின் விதியும் மாறுவதில்லை.

ஆகவே, கடைக்குச் செல்லுமுன் நான்கு வினாக்களுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். செய்யும் வேலை பங்கிடக்கூடியதா? இடைவிடாது எத்தனை மணி நேரம் நடைபெறும்? ஒரே வேளையில் எவ்வளவு தரவை நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும்? ஒரு சிறு பிழையால் விளையும் கேடு எத்தகையது? பாடம் படிக்கவும், கட்டுரை எழுதவும், நிரலாக்கம் பழகவும் விரும்பும் மாணவிக்கு நல்ல மடிக்கணினி ஒன்று தாராளமாகப் போதும். மிஞ்சிய பணம் நூல்களுக்கும் வகுப்புகளுக்கும் உதவும். படம் ஆக்குவோருக்கும், பெருங்கணக்குச் செய்வோருக்கும், நாள்முழுதும் பொறியை உழைப்பிப்போருக்கும் பணிநிலையத்துக்குக் கொடுக்கும் பணம் வீணன்று. விற்பவர் பொறியின் அளவைச் சொல்வார். நம் வேலையின் அளவை நாமே அறிந்து செல்லவேண்டும்.