கையை அளக்கும் சட்டம் பையை அளக்குமா?



தேர்தலில் பணம் புரள்கிறது என்பதைச் சொல்ல ஒரு மேடை வேண்டியதில்லை. தெருவில் விளையாடும் சிறுவனும் அதனை அறிவான். அப் பணத்தைக் கட்டுப்படுத்தவென்று இயற்றப்பெற்ற சட்டங்கள் யாரைக் கட்டுகின்றன, யாரைக் கட்டாமல் விடுகின்றன என்பதே எண்ணிப் பார்க்கத் தக்கது.

மக்களவைத் தேர்தலில் தமிழகத்து வேட்பாளர் ஒருவர் 95 இலக்கம் உருபாவுக்கு மேல் செலவிடலாகாது என்பது 2022ஆம் ஆண்டில் வகுத்த வரம்பு. அவரை நிறுத்தும் கட்சியின் செலவுக்கோ வரம்பே இல்லை. ஒரு வேட்பாளரின் வெற்றிக்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கில் சேரும் என்று 1974ஆம் ஆண்டில் உச்சநயமன்றம் தீர்ப்புரைத்தது. அவ்வாண்டு முடியுமுன்பே தில்லி நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அத் தீர்ப்பைச் செயலறச் செய்தது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அவ் விலக்குச் சுருங்கிற்று. எனினும், ஏற்பிசைவு பெற்ற கட்சியின் தலைவர் 40 பேரும், பதிவு மட்டும் பெற்ற கட்சியின் தலைவர் 20 பேரும் பரப்புரைக்காக வானூர்தியில் வந்து போகும் செலவு, வேட்பாளர் கணக்கில் ஏறாது. தனித்து நிற்பவர்க்கு அத்தகைய தலைவர் எவருமிலர். அவர் அமர்த்தும் மிதிவண்டியின் கூலியோ தவறாமல் கணக்கில் ஏறும்!

நன்கொடையின் கதையும் இதுவே. 2018ஆம் ஆண்டில் தேர்தல் பத்திரம் என்றொன்றைக் கொணர்ந்தனர். கொடுத்தவர் பெயர் மக்களுக்குத் தெரியாது. முந்தைய பொதுத்தேர்தலில் ஒரு விழுக்காட்டு வாக்கேனும் பெற்ற கட்சியே அதனைப் பெறலாம். எனவே, புதிதாய்த் தோன்றிய அமைப்புக்கும் தனித்து நிற்பவர்க்கும் அதில் ஓர் உருபாவும் இல்லை. 2024 பிப்பிரவரி 15 அன்று உச்சநயமன்றம் அம் முறையை அடியோடு வீழ்த்தியது. அதற்குள் 16,000 கோடி உருபாவுக்கு மேற்பட்ட பத்திரங்கள் விற்றுத் தீர்ந்திருந்தன. குட்டு வெளிப்பட்டது, ஆனால், கட்சிகள் மாற்றிக்கொண்ட பணம் கட்சிகளிடமே தங்கிவிட்டது.

இனி, ஊழல் வெளிப்பட்டால் அடி யார்மேல் விழுகிறது என்று பாருங்கள். வாக்காளர்க்குப் பணம் வழங்கப்பெற்றது என்னுங் கரணியத்தால் 2016ஆம் ஆண்டில் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017ஆம் ஆண்டில் சென்னை இரா. கி. நகரிலும் தேர்தல் நீக்கப்பெற்றது. பெருந்தொகை கைப்பற்றப்பட்டதால் 2019ஆம் ஆண்டில் வேலூர் மக்களவைத் தேர்தல், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு நீக்கப்பெற்றது. நீக்கியது தக்கதே. ஆயினும், அந் நீக்கத்தால் எவரும் போட்டியிடும் தகுதியை இழக்கவில்லை. திங்கள் சில கடந்து தேர்தல் மீண்டும் நடந்தபோது, பெருங்கட்சிகள் முன்போலவே களத்தில் இறங்கின.

ஒரு காசும் வழங்காத எளிய வேட்பாளர் நிலை என்ன? நண்பர்கள் நூறும் இருநூறுமாகத் தந்த பணத்தில் அவர் அச்சிட்ட துண்டறிக்கை வீணாயிற்று. தனித்து நிற்பவர்க்குச் சின்னமும் புதிதாகவே ஒதுக்கப்பெறும். பழைய சின்னமே கிடைக்குமென்னும் உறுதியில்லை. ஓடிய வண்டிக்கும் ஒட்டிய சுவரொட்டிக்கும் கொடுத்ததை ஈடுசெய்ய எந்தச் சட்டமும் இல்லை. குற்றம் செய்தவன் பெட்டியை மறுமுறை திறந்தான். குற்றமற்றவன் கடனுக்கு அலைந்தான்!

இவ்வளவும் போதாதென்று, தேர்தல் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை முறைப்படி ஒப்படைக்கத் தவறின் மூன்றாண்டுத் தகுதியிழப்பு நேரும். கணக்கர் படையுடைய கட்சிக்காரர்க்கு அது விளையாட்டு. கூலி வேலைக்குப் போய்க்கொண்டே தேர்தலில் நிற்பவர்க்கு அது கண்ணி.

அரசே தேர்தற் செலவை ஏற்கலாமெனச் சிலர் கூறுவர். 1998ஆம் ஆண்டில் இந்திரசித்து குப்தா குழுவும் அவ்வாறே பரிந்துரைத்தது. ஆனால், அவ்வுதவியும் ஏற்பிசைவு பெற்ற கட்சிகளுக்கு மட்டுமேயாம்! பசித்தவனை வாயிலில் நிறுத்திவிட்டு உண்டவனுக்கே இலை போடுவதா விருந்து?

ஆகவே, கேட்க வேண்டியவை மூன்று. கட்சியின் செலவுக்கும் வரம்பு வேண்டும். பணம் வழங்கியது மெய்ப்பிக்கப்பட்டால், விரைந்து முடிவு கண்டு, மறுதேர்தலில் அவரை நிற்கவிடாமற் செய்தல் வேண்டும். தேர்தல் நீக்கப்பட்டால், குற்றமற்ற வேட்பாளரின் இழப்பை ஈடுசெய்தல் வேண்டும்.

சட்டம் திருந்தும்வரை வாளாவிருப்பதா? வாக்குக்குப் பணம் நீட்டும் கையைத் தமிழன் தட்டிவிடும் நாளில், நூறு கோடி வைத்திருப்பவனும் நூறு உருபா வைத்திருப்பவனும் அவன் வாயிலில் ஒரே நிரையில் நிற்பர். அந் நாளைக் கொணர்வது உங்கள் கையில் இருக்கிறது. வாழ்க தமிழ்! வெல்க தமிழர் மானம்!