கைப்பேசித் திரையில் கவிதையின் அடி



யாப்பிலக்கணம் கற்போர் முதலில் அறிவது செய்யுளின் உறுப்புகளை: எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை. புதிதாகப் பாடுவோர் இவற்றைத் தாமே படைப்பதில்லை. முன்னோர் வகுத்ததைப் பெற்று, அதில் தம் பொருளை நிறைக்கின்றனர். கைப்பேசிக்கென இணையத்தளம் அமைப்போர்க்கும் இத்தகைய முன்னமைப்பு உண்டு. அதனைத் தொடக்க வார்ப்புரு என்பர். கவிதைத் தளம் அமைக்க விழைவோர்க்கு அது எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்பதே இவ்வுரையின் பொருள்.

இவ்வகையில் பெரிதும் அறியப்பட்டது, 2010ஆம் ஆண்டில் பால் ஐரிஷ், திவ்யா மணியன் ஆகியோர் முன்னின்று வெளியிட்ட எச்டிஎம்எல்5 பாய்லர்பிளேட். கொதிகலன் செய்யும் உலோகத் தகட்டின் பெயர் இது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கச் சிற்றூர் இதழ்களுக்கு ஆயத்தமாக வார்த்து அனுப்பப்பட்ட அச்சுத் தகடுகளுக்கும் இப்பெயர் வழங்கியது. அச்சுக்கூடத்தின் வழியே வந்த சொல்லாதலின், நூல் வெளியிடுவோர்க்கு இது முற்றிலும் அயலன்று. இதன் கிளையாகக் கைப்பேசிக்கென்றே மொபைல் பாய்லர்பிளேட் என்பதும் தோன்றியது.

வார்ப்புருவைப் படியெடுத்துத் திறந்தால், முதற்பக்கக் கோப்பு, தோற்றத்தை வகுக்கும் நடைக்கோப்பு, நிரல்கள், படங்களுக்கான இடம் ஆகியன காணப்படும். முதற்பக்கத்தின் தலைப்பகுதியில் மூன்று செய்திகள் கருதத்தக்கன.

முதலாவது எழுத்துக் குறிமுறை. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் இடம் கொள்ளும். 'கொ' என்னும் ஓரெழுத்து இரு குறிகளாகி 6 பைட் கொள்ளும். குறிமுறையை அறிவிக்கும் வரி, பக்கத்தின் முதல் 1024 பைட்டுக்குள் நிற்றல் வேண்டும். அதற்கு முன் நெடிய குறிப்புகளைப் புகுத்தி அவ்வரியைக் கீழே தள்ளினால், கவிதை பொருளற்ற குறிகளாகச் சிதறவும் கூடும்.

இரண்டாவது மொழிக் குறி. அவ்விடத்தில் தமிழைச் சுட்டும் 'டிஏ' என்னும் இரு ஆங்கில எழுத்துகளை இடுதல் வேண்டும். பார்வையற்றோர்க்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் மென்பொருள், எம்மொழியின் குரலில் படிப்பது என்பதை இக்குறி கொண்டே தெளியும்.

மூன்றாவது வியூபோர்ட் வரி. 2007இல் வந்த ஐபோன், பக்கங்களை 980 புள்ளி அகலமுடையன எனக் கொண்டு, அவற்றைச் சுருக்கிச் சிறு திரையில் காட்டியது. கருவியின் அகலத்தையே பக்கத்தின் அகலமாகக் கொள்க என ஆணையிடுவது இவ்வரி. இஃதின்றேல் எழுத்து கடுகாகச் சுருங்கும். சிலர் இதனோடு, எழுத்தைப் பெருக்கிப் பார்ப்பதைத் தடுக்கும் ஆணையையும் சேர்ப்பர். அது முதியோர் கண்ணுக்குச் செய்யும் தீங்கு.

இனி, களைய வேண்டுவன. மொபைல் பாய்லர்பிளேட்டில் பழைய கைப்பேசி வகைகளுக்கான வரிகளும், ஐபோனின் முகவரிப் பட்டையை மறைக்கும் நிரலும் இருந்தன. அக்கருவிகள் வழக்கொழிந்தும், பழைய படிகளில் அவ்வரிகள் நிற்கின்றன. பொருளறியாது சொல்லைக் கையாளும் பாவலனை அவை நகைக்கும். ஏன் நிற்கிறது என்று அறியாமல் வரி கொள்வதும் பிழை. கேட்டறியாமல் தள்ளுவதும் பிழை.

இத்தனையும் செப்பமாக அமைந்த பின்னரும் ஒன்று எஞ்சுகிறது. அதுவே அடி. சிறு திரையில், படிப்பதற்கேற்ற அளவுள்ள எழுத்தில், நாற்சீரடி பெரும்பாலும் ஒரு வரியில் அடங்குவதில்லை. மூன்று சீர் மேலே நிற்க, நான்காவது கீழே விழும். ஈரடிக் குறள் மூவரியாகத் தோன்றும். யாப்பறிந்தோர் அதனை மீட்டுக்கொள்வர். புதுக்கவிதையிலோ, மீட்பதற்கு யாப்பின் துணை இல்லை. கவிஞன் முறித்த இடம் எது, கருவி முறித்த இடம் எது என வாசகன் அறியான். ஒற்றைச் சொல்லைத் தனிவரியாக நிறுத்திய கவிஞனின் கருத்து அங்கே அழிகிறது.

இதற்கு மருந்து அச்சுத் தொழிலில் முன்பே உள்ளது. நீண்ட அடியின் மிகுதியைச் சற்று உள்தள்ளி அச்சிடுவர். நடைக்கோப்பிலும் அவ்வாறே இடப்பக்கம் ஈரெழுத்தளவு வெளி விட்டு, முதல்வரியை அதே அளவு வெளியே இழுத்தல் வேண்டும். ஆனால் கவிதை முழுவதையும் ஒரே பத்தியாக இட்டு, இடையிடையே வரிமுறிப்புக் குறி மட்டும் வைத்தால் இது பயன் தராது. அவ்விதி பத்தியின் முதல்வரியையே சாரும். ஆதலின் அடி ஒவ்வொன்றையும் தனி உறுப்பாக இடுதல் வேண்டும். அடி அடங்க வேண்டுமென்று எழுத்தைச் சிறுத்தல் தகாது. அமைத்த பின், 320 புள்ளி அகலத் திரையிலும், எழுத்தைப் பெருக்கிய நிலையிலும் கவிதையைப் படித்துப் பார்த்தல் நன்று.

அடி எங்கே முடிகிறது என்பதை எவ்வார்ப்புருவும் அறியாது. அதனை அறிந்தவர் கவிஞர் ஒருவரே. எனவே தளம் அமைப்பதைத் தொழில் வல்லாரிடம் ஒப்படைத்துவிட்டு விலகி நில்லாமல், அவர்தம் அருகமர்ந்து ஒவ்வோர் அடியையும் காட்டித்தருதல் பாவலர் கடன். பத்தாண்டுகளாக அடிதோறும் ஆய்ந்து கவிதை வளர்த்த இவ்வட்டத்திற்கு அது புதிய பணியன்று.