ஒரே ஓர் ஓவியம்



நான் வங்கியில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன். வவுச்சர் தொலைந்தாலும், பேரேட்டில் பதிவு இருந்தால் கணக்கு நிற்கும். ஒரு பறவையின் கணக்கும் அப்படித்தான் நிற்கிறது.

1774 ஆகஸ்டில் கேப்டன் குக்கின் ‘ரெசல்யூஷன்’ கப்பல் பசிபிக் கடலில் உள்ள டன்னா தீவுக்குப் போனது. இன்று அது வனுவாட்டு நாட்டைச் சேர்ந்தது. கப்பலில் வந்த ஜார்ஜ் ஃபார்ஸ்டருக்கு அப்போது வயது 19. அங்கே சுடப்பட்ட ஒரு தரைப்புறாவை அவர் நீர்வண்ணத்தில் வரைந்தார். அது பெண் புறா. கூட வந்த தந்தை ரைன்ஹோல்ட் அதன் விவரங்களை எழுதி வைத்தார்.

அந்தப் புறாவின் உடல் பிறகு தொலைந்துவிட்டது. இனமும் அழிந்துபோனது. அப்படி ஒரு புறா இருந்தது என்பதற்கு, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஓவியமும் அன்று எழுதிய குறிப்பும்தான் சாட்சி. ஆண் புறாவை யாரும் வரைந்து வைக்கவில்லை. அந்தப் பத்தி காலியாகவே இருக்கிறது; இனி நிரப்பவும் முடியாது.

உங்கள் மொட்டை மாடிக்கும் பறவைகள் வருகின்றன. வரையத் தெரியாவிட்டால் பரவாயில்லை. என்ன பறவை, எந்தத் தேதி, எந்த இடம் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.