குறையுள்ள சரக்கும் கொடுக்கல் வாங்கல் நேர்மையும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

   

நம் ஜமாஅத் அலுவலகத்திற்கு வரும் முறையீடுகளில் குடும்பப் பிணக்கும் பாகப்பிரிவினையுமே பெரியவை. அவற்றோடு அவ்வப்போது வேறொரு முறையீடும் வருகிறது. வாங்கிய பொருள் பழுதாக இருக்கிறது, விற்றவர் கைவிரிக்கிறார். இதனைச் சிறு விஷயம் என்று ஒதுக்குவதற்கில்லை. நம் முஹல்லாவில் கடை வைத்திருப்போரும் உளர். அக்கடைகளில் வாங்குவோரும் உளர். ஜும்ஆவில் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழும் இருவர், ஒரு மிக்ஸியின் பொருட்டு ஸலாம் சொல்லிக்கொள்வதை நிறுத்திவிடும் நிலை நமக்கு வேண்டாம். ஆகவே மார்க்கம் கூறுவது என்ன, நாட்டுச் சட்டம் கூறுவது என்ன, நாம் செய்யத்தக்கது என்ன என்பவற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

மார்க்கத்தின் பார்வை

பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் காரணம் சொன்னார். மழை பெய்தது அவருடைய குற்றமன்று. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காமல் அடியில் மறைத்ததே குற்றமாயிற்று. சரக்கில் குறை இருப்பது வேறு. குறையை மறைப்பது வேறு. இந்த வேறுபாட்டை நம் வணிகச் சகோதரர்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும்.

பால் கறக்காமல் மடியைக் கட்டிவைத்து, மிகுதியாகப் பால் தரும் ஆடு என்று காட்டி விற்பதையும் அவர்கள் தடுத்தார்கள். ஏமாந்து வாங்கியவர் அந்த ஆட்டை வைத்துக்கொள்ளலாம். அல்லது திருப்பித் தரலாம். திருப்பித் தருவதாயின், தாம் கறந்து பயன்படுத்திய பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழத்தையும் சேர்த்துத் தர வேண்டும். ஏமாற்றப்பட்டவருக்கும் ஒரு கடமை இங்கே விதிக்கப்படுவதைக் கவனியுங்கள். அனுபவித்த பயனுக்கு அவரும் கணக்குக் காட்ட வேண்டும்.

இத்தேர்வுரிமையை ஃபிக்ஹு நூல்கள் 'கியாருல் ஐப்' என்று அழைக்கின்றன. ஷாஃபிஈ மத்ஹபின்படி, குறையைக் கண்டவுடன் தாமதமின்றிப் பொருளைத் திருப்ப முற்பட வேண்டும். குறை தெரிந்த பின்னரும் அதனைப் பயன்படுத்திக்கொண்டே இருப்பவர் அந்த உரிமையை இழக்கிறார்.

நாட்டுச் சட்டம்

1986ஆம் ஆண்டு நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்குப் பதிலாக 2019ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பல கடைகளின் பில்லில் 'விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது' என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கிறோம். அந்த வரியைக் கண்டு வாங்கியவர் வாயடைத்துப் போக வேண்டியதில்லை. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்திற்குள்ளும், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று புதிய சட்டம் கூறுகிறது. பில் தராமல் இருப்பதும் அவ்வாறே முறையற்ற வணிகமாகும்.

மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்திற்காகவோ வாங்கியவர் இச்சட்டத்தின்படி நுகர்வோர் ஆகமாட்டார். எனினும், தம் சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்காக வாங்கியவருக்கு விலக்கு உண்டு. ஆகவே வீட்டிலிருந்து தைத்துப் பிழைக்கும் சகோதரி வாங்கிய தையல் இயந்திரத்திற்கும் இச்சட்டத்தின் பாதுகாப்பு உண்டு.

நம் முஹல்லாவில் நடந்தது

ஆட்டோ ஓட்டும் சகோதரர் ஒருவர், புதுக்குடித்தனம் தொடங்கிய மகளுக்காகத் தவணை முறையில் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினார். மூன்றாம் வாரத்திலேயே குளிர்ச்சி நின்றுபோயிற்று. கடைக்காரர், 'கம்பெனிக்குப் போன் செய்யுங்கள்' என்றார். கம்பெனியிலிருந்து மெக்கானிக் வந்து கேஸ் நிரப்பிச் சென்றார். பத்து நாட்களில் மீண்டும் அதே பழுது. இவ்வாறு மூன்று முறை நடந்தது. சம்பந்தி வீட்டில், 'பழைய பொருளைப் புதிதென்று அனுப்பிவிட்டார்கள்' என்ற பேச்சும் எழுந்தது. குளிர்ச்சி நின்றதேயன்றித் தவணைப் பிடித்தம் ஒரு மாதமும் நிற்கவில்லை.

மனம் நொந்த அந்தச் சகோதரர் கடை வாசலில் சென்று உரத்த குரலில் பேச, கைகலப்பு வரை போய்விட்டது. அதன் பின்னரே அவர் நம்மிடம் வந்தார். கையில் இருந்தது கடையின் விசிட்டிங் கார்டு மட்டுமே. பில்லைக் காணோம். மெக்கானிக் வந்துபோனதற்கான ஜாப் கார்டை அவர் கேட்டு வாங்கவும் இல்லை.

நாம் அவரை அமரவைத்து நிதானமாக விசாரித்தோம. தவணைக் கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் காகிதங்களில் பில் எண் இருந்தது. அதைக் கொண்டு நகல் பெறப்பட்டது. ஒவ்வொரு முறை புகார் செய்தபோதும் கம்பெனியிலிருந்து வந்த எஸ்.எம்.எஸ். அவருடைய செல்போனில் அழியாமல் இருந்தது. மூன்று புகார் எண்களும் தேதிகளும் கிடைத்தன. அவற்றை வரிசைப்படுத்தி, கடைக்கும் கம்பெனிக்கும் ஒப்புதல் அட்டையுடன் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பச் செய்தோம். பதினைந்து நாட்கள் பதில் இல்லை. பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யப்பட்டது. அதன்பின் மூத்த தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் வந்து சோதித்தார். பெட்டியின் உட்சுவரில் பதிந்த குழாயில் கசிவு இருந்தது. கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால் அது எப்படி நிற்கும்? ஃபிரிட்ஜ் மாற்றித் தரப்பட்டது. வழக்கு மன்றம் வரை போகவில்லை. உரத்த குரல் சாதிக்காததை மூன்று புகார் எண்கள் சாதித்தன.

ஆணையத்தை அணுகும் முறை

எல்லாப் பிரச்சினைகளும் இவ்வாறு கடிதத்திலேயே முடிந்துவிடுவதில்லை. அப்போது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை உள்ளவை இங்கே விசாரிக்கப்படும். 5 லட்சம் வரை கட்டணம் ஏதும் இல்லை. வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதுமில்லை, தாமே வாதிடலாம். பொருளைச் சென்னையில் வாங்கியிருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம் என்பது புதிய சட்டம் தந்த பெரும் வசதி. கடைக்காரர், தயாரிப்பாளர் ஆகிய இருவரையும் எதிர்தரப்பினராகச் சேர்ப்பது நலம். இல்லையேல் ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிக்கப் பார்ப்பார்.

வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். சோதனை செய்துதான் குறையை அறிய முடியும் என்றால், ஆணையமே பொருளைத் தகுந்த ஆய்வகத்திற்கு அனுப்பும். ஆகவே வெளி மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்துப்போட்டுவிடாதீர்கள். சான்றை நாமே அழித்தவர்களாவோம். குறையை நீக்குதல், பொருளை மாற்றித் தருதல், பணத்தைத் திருப்பித் தருதல், இழப்பீடு ஆகியவற்றுக்கு ஆணையம் உத்தரவிடலாம்.

வரம்பு மீறாமை

உரிமை கேட்பதிலும் அளவு உண்டு. கிளட்ச் பழுதான ஒரு காருக்குப் பதிலாகப் புதிய காரே தர வேண்டும் என்ற உத்தரவு, 2006ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. வாரண்டியில் ஒப்புக்கொண்டது பழுதான பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றுவதோ மட்டுமே என்று நீதிமன்றம் கொண்டது. எனவே வாரண்டி அட்டையை வாங்கும்போதே படித்துவிடுங்கள். கீழே போட்டு உடைத்துவிட்டு, 'வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது' என்று சாதிப்பதும், திருமணத்திற்கு ஒருநாள் உடுத்திவிட்டுப் புடவையைத் திருப்புவதும் மோசடியே. தானியத்தின் ஈரத்தை மறைத்தவருக்கு என்ன பெயரோ, இவருக்கும் அதுவே பெயர்.

வரியை மிச்சப்படுத்துவதாக எண்ணி, 'பில் வேண்டாம்' என்று சொல்லும் பழக்கமும் நம்மில் சிலரிடம் இருக்கிறது. சில நூறு ரூபாய்க்காக, பல ஆயிரம் ரூபாய்ப் பொருளின் சான்றைக் கைவிடுகிறோம். அரசுக்குச் சேர வேண்டியதைத் தடுக்கவும் துணை போகிறோம்.

நம் ஜமாஅத்தின் வேண்டுகோள்

வணிகச் சகோதரர்களே! குறையுள்ள சரக்கு உங்களிடம் வந்துவிடலாம். அதைக் குறையைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்றுவிடுங்கள். வாடிக்கையாளர் பழுதுடன் திரும்பி வரும்போது, விற்கும் நாளில் காட்டிய முகத்தையே அன்றும் காட்டுங்கள். கம்பெனிக்கு நீங்களே ஒரு போன் செய்தால் அவருடைய ஒரு வார அலைச்சல் குறையும்.

வாங்கும் சகோதர சகோதரிகளே! பில், வாரண்டி அட்டை, ஜாப் கார்டு ஆகிய மூன்றையும் ஓர் உறையில் இட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். குறையைக் கண்ட அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். கடை வாசலில் குரல் உயர்த்த வேண்டாம். இரு தரப்பினரும் நம் ஜமாஅத்தினராக இருப்பின், முதலில் ஜமாஅத்தில் அமர்ந்து பேசித் தீர்த்துக்கொள்வோம். பேச்சில் தீராவிடில் ஆணையத்திற்குப் போவதில் குற்றமில்லை. அதனைப் பகையாகவும் எவரும் கருத வேண்டாம்.

கடிதம் எழுதத் தெரியாதோர், கணினியில் புகார் பதியத் தெரியாதோர் எவராயினும் ஜமாஅத் அலுவலகத்தை அணுகுங்கள். இன்ஷா அல்லாஹ், இயன்ற உதவியைச் செய்யக் காத்திருக்கிறோம்.

விற்பதிலும் வாங்குவதிலும் நேர்மையையும், நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், நம் உள்ளங்களில் ஒற்றுமையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.